ஒன்பதாம் மாதத்துக் கள ஆய்வு

எங்கள் ஊரில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் நடக்கும். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து தேர்வு நடத்த வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அவரும் மனிதர்தானே. திருவண்ணாமலைக்கு வருவதுதான் வருகிறோம், பௌர்ணமியாகப் பார்த்து வந்தால் பயணப்படியும் கிடைக்கும், மலை சுற்றிய புண்ணியமும் கிடைக்கும் என்று நினைப்பார். கல்வியும் பக்தியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவதை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. கார்த்திகையில் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பாடுதான் மோசம். தீபத்துக்கு லாட்ஜில் ரூம் கிடைக்காது. ரூம் கிடைக்காத ஊருக்கு எந்த அறிஞரும் வர மாட்டார்.

கவியா கார்த்திகையில் தயாரானவள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். மார்கழிப் பௌர்ணமிக்குப் புறத்தேர்வாளர் சுரேஷ்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். தையில் அவருடைய மச்சினிக்குக் கல்யாணம். மாசியில் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். பங்குனியில் தேதி குறித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, கேசரிக்கும் போண்டாவுக்கும் சொல்லிவைத்த பிறகு அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இடுப்புப் பிடிப்போடு மலை சுற்ற முடியாது என்று தேர்வையே தள்ளிவைத்தார்கள். அந்தத் துறையில் ஓர் உடலின் வலியை எல்லோரும் ஒருமனதாக மதித்தது அந்த ஒரு தடவைதான். சித்திரைப் பௌர்ணமிக்கு எல்லாம் கூடிவந்தபோது கவியாவுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லை. கல்யாணமாகி வேங்கிக்காலில் வாடகை வீடு. புருஷன் சக்திவேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறான். கவியா தன் கல்லூரியிலேயே கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்தாள். கௌரவம் என்ற சொல் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவது. அந்த வருஷம்தான் நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்திருந்தது. மே மாதக் கடைசிக்குள் பட்டம் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தப் பௌர்ணமியை விட்டால் அடுத்த பௌர்ணமிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள், விண்ணப்பத் தேதியும் போய்விடும்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு ‘அருணைத் தருமன் நாவல்களில் பெண்ணுடல்: ஒரு பெண்ணிய வாசிப்பு’. அருணைத் தருமன் எங்கள் மாவட்டத்தின் பெரிய நாவலாசிரியர். பெண்களைப் பற்றி எழுதுவதில் மன்னன் என்று அவருடைய எல்லாப் புத்தகத்தின் பின்னட்டையிலும் ஆண்கள் எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கவியாவும் அவரை விழுந்து விழுந்து படித்தவள். பிறகு ஒரு நாள், ஒரு நாவலில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த கதாநாயகியின் விரல் நகங்கள் பிறை நிலா மாதிரி பளபளத்ததைப் படித்துவிட்டுத் தன் அம்மாவின் நகத்தைப் போய்ப் பார்த்தாள். ஆய்வு அங்கே தொடங்கியது.

தருமனின் புகழ்பெற்ற நாவல் ‘சிவந்த மடி’. அதில் செவ்வந்தி என்பவள் ஒன்பதாம் மாதத்தில் புருஷனை உதறிவிட்டுத் தன்னந்தனியாக வெறுங்காலோடு மலை சுற்றுகிறாள். ஆதி அண்ணாமலை பக்கம் வரும்போது பனிக்குடம் உடைகிறது. அதே நேரத்தில் மலையிலும் ஒரு சுனை உடைகிறது. நிலவைப் பார்த்தபடி தானே பெற்றுக்கொள்கிறாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத் தூரத்தையும் நடந்து முடிக்கிறாள். இதற்கு மூன்று விருதுகள் கிடைத்தன.

கவியா தன் கடைசி இயலில் இந்த நாவலைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: ‘ஒன்பது மாதக் கர்ப்பிணி பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறாள். அவளுக்குக் கால் வலிக்கவில்லை, தாகமெடுக்கவில்லை, ஒரு தடவைகூட ஒன்றுக்கு வரவில்லை. இப்படி ஓர் உடல் இருக்க முடியாது. இது ஆண் பார்த்த மலை, பெண்ணின் உடம்பு அன்று.’

ஐந்து வருஷம் படித்து, வேலை பார்த்து, சமைத்து, பஸ்ஸில் நின்று, அவள் சொல்ல வந்தது இதைத்தான். நெறியாளர் ஆதிமூலம் இந்த இயலுக்குப் பச்சை மையில் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஓரத்தில் விட வேண்டிய இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. உள்ளே இருப்பதைப் படிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

சித்திரைப் பௌர்ணமி அன்று காலை பதினோரு மணிக்குக் கருத்தரங்க அறையில் தேர்வு தொடங்கியது. மேடையில் நான்கு நாற்காலிகள். ஆதிமூலம், சுரேஷ்குமார், பெண்ணிய ஆய்வு மையத்தின் இயக்குநர் சைலஜா, நான்காவதாக அருணைத் தருமன். ஒரு படைப்பாளியைப் பற்றி ஆய்வு என்றால் அந்தப் படைப்பாளியை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது மரபு. ஆய்வில் அவரைக் குறை சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று மரபு யோசித்து வைக்கவில்லை. கவியாவுக்கு நாற்காலி கிடையாது. ஆய்வாளர் நின்றுகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆதிமூலம் வரவேற்றார். “பெண்ணியத்தை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவன் அடியேன். என்னிடம் பதினொரு பெண்கள் பெண்ணியம் செய்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தியாவது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? அவ்வளவு நல்ல முறையில் பெண்ணியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.”

கைதட்டினார்கள். கவியா வலது காலிலிருந்து இடது காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டாள். பிறகு அந்தக் கடைசி இயலைப் பற்றிச் சொல்லி, அந்த வாக்கியங்களை வாசித்தாள். அறையில் போண்டா மெல்லும் சத்தம் நின்றது.

முதலில் பேசியவர் சைலஜா. “பெண்ணுடலைக் கொண்டாட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்கள் மையமே அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் வலி, வீக்கம், ஒன்றுக்கு என்றெல்லாம் எழுதினால் கொண்டாட்டம் கெட்டுவிடுகிறதே! நானும் இரண்டு பெற்றவள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி எங்கேயாவது மூச்சு விட்டிருக்கிறேனா? அதனால்தான் இன்று இயக்குநராக இருக்கிறேன்.”

தருமன் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “பெண்ணின் உடல் எனக்குத் தெய்வம். இந்த அம்மா கேட்கிறார், செவ்வந்திக்கு ஏன் ஒன்றுக்கு வரவில்லை என்று. தெய்வத்துக்கு வருமா? பிரசவத்தைப் பற்றி ஆணுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். என் மனைவி நான்கு பெற்றாள். நான்கு தடவையும் நான் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கவனம் சிதறியிருக்கும். அந்த அளவுக்கு அந்த வலியோடு ஒன்றிப்போனவன் நான்.”

சுரேஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இரவு ரயில். அதற்குள் மலை சுற்ற வேண்டும். “இப்படி ஓர் உடல் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் என்ன?”

கவியா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். “சார், எனக்கே இப்ப ஒன்பதாம் மாசம் சார். வீட்லேர்ந்து பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ளயே…”

“அது உங்கள் சொந்த அனுபவம். சொந்த அனுபவம் ஆய்வில் செல்லாது. கள ஆய்வு செய்தீர்களா?”

“எந்தக் களம் சார்?”

சுரேஷ்குமார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலில் மலை நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது அரை மணி நேர விவாதம். ஒன்பதாம் மாதத்துப் பெண் நடக்க முடியாது என்பது ஆய்வாளரின் கருதுகோள், கருதுகோள் என்றால் சோதிக்க வேண்டும், சோதிக்க ஒன்பதாம் மாதத்துப் பெண் வேண்டும், நல்லவேளையாக ஒருவர் இங்கேயே இருக்கிறார் என்று சுரேஷ்குமார் கண்டுபிடித்தார். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றால் தொடங்கிவிட்ட வாய்மொழித் தேர்வை ஒத்திவைக்க விதியில் இடமில்லை, தொடங்கிய நாளிலேயே முடித்தாக வேண்டும் என்று ஆதிமூலம் விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். தேர்வாளரோ எப்படியும் நாலு மணிக்கு மலை சுற்றக் கிளம்ப வேண்டும். ஆகவே கிரிவலப் பாதை முழுவதையும் அன்று மாலை மட்டும் தேர்வறையாகக் கருதுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. கவியாவை யாரும் கேட்கவில்லை. ஆய்வாளருக்கு வாக்குரிமை கிடையாது.

வாசலில் வேனோடு காத்திருந்த சக்திவேல் அவளைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தான். “இன்னா, முடிஞ்சுதா? டாக்டராயிட்டியா?”

“இன்னும் இல்லீங்க. மலை சுத்திட்டு வரணுமாம்.”

“யாரு?”

“நான்தான்.”

“நீயா? எதுக்கு?”

“நடக்க முடியாதுன்னு எழுதிட்டேன் இல்ல. அத நிரூபிக்கறதுக்கு நடந்து காட்டணுமாம்.”

சக்திவேல் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான். வீங்கிப்போய் செருப்பின் வாருக்கு மேலே சதை பிதுங்கியிருந்தது. “இன்னா படிப்புடி இது? அன்னைக்கு டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? மாடிப்படி ஏறாதன்னு சொன்னாங்க இல்ல? வா, வூட்டுக்குப் போலாம். வேலையும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்.”

“அஞ்சு வருஷங்க,” என்றாள் கவியா. “மெதுவா நடக்கறேன். சுத்து முடியற ஈசானிய லிங்கத்துக்கிட்ட வந்து நில்லுங்க.”

அவன் கூட வருவதாகச் சொன்னான். தேர்வறைக்குள் வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று ஆதிமூலம் சொல்லிவிட்டார். தேர்வறையில் அப்போது சில லட்சம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு, பாதையில் வரும் எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றிக் கிளம்பினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஃப்ளெக்ஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அதில் தருமனின் படம் பெரிதாகவும், கவியாவின் படம் ஸ்டாம்ப் சைஸிலும் இருந்தன. சுரேஷ்குமார் காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். தருமன் தனக்கு மூட்டுவலி என்று சைலஜாவின் காரில் ஏறிக்கொண்டார். கலெக்டர் ஆபீஸில் வாங்கிய பாஸ் ஒட்டிய கார் அது, ஏசி போட்டுக்கொண்டு நத்தை வேகத்தில் கூடவே வந்தது. கவியாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். செவ்வந்தி வெறுங்காலோடுதான் நடந்தாள். கள நிலைமை மாறக் கூடாது.

தார்ச்சாலை சுட்டது. அக்னி லிங்கம் வருவதற்குள் அவளுக்கு முதல் தடவை முட்டிக்கொண்டு வந்தது.

“சார்,” என்றாள் ஆதிமூலத்திடம் மெதுவாக. “ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடட்டுங்களா?”

ஆதிமூலம் விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார். “தேர்வு முடியுமுன் ஆய்வாளர் தேர்வறையை விட்டு வெளியேறினால் தேர்வு பட்டமின்றி முடிந்ததாகக் கருதப்படும்னு இருக்கும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பாதையிலயேதான் சார் இருக்குது. இதோ, எதுத்தாப்புல.”

“பாதைதாம்மா தேர்வறை. கழிப்பறை தேர்வறையில வராதே.”

எம லிங்கத்துக்கு முன்னால் சுரேஷ்குமார் அதே மாதிரிக் கழிப்பறை வரிசை ஒன்றில் போய்விட்டு வந்தார். தேர்வாளர் வெளியேறுவதை விதி தடுக்கவில்லை. திரும்பி வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உடல் என்பது ஒரு சமூகக் கட்டமைப்பு என்பதை விளக்குங்கள்,” என்று கேட்டார். கவியா விளக்கினாள். உடல் என்பது சமூகக் கட்டமைப்பு என்று சொல்லும்போது அவளுக்கு அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது.

அன்னதானக்காரர்கள் நீர்மோர் நீட்டினார்கள். வாங்கக் கையை நீட்டியவளை சுரேஷ்குமார் தடுத்தார். “நாவலில் மோர் இல்லை.” பிறகு அந்த டம்ளரை வீணாக்கக் கூடாதென்று அவரே குடித்தார்.

ஜனங்களுக்கு இதெல்லாம் என்னவென்று தெரியவில்லை. முன்னால் ஃப்ளெக்ஸ், நடுவில் வெறுங்காலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி, பின்னால் சட்டைப்பையில் பேனாக்களோடு இரண்டு பெரிய மனிதர்கள். பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு நடக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். பெண்கள் கூட்டமாக வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி தன் நெற்றியில் இருந்த விபூதியை எடுத்து அவளுக்குப் பூசினாள். இன்னொருத்தி தன் மருமகளை இழுத்துவந்து, “இவ மடிய ஒருவாட்டி தொட்டுடும்மா, ஏழு வருஷமா ஒன்னும் இல்ல,” என்று அழுதாள். கவியா தொட்டாள். அந்தப் பெண்ணின் காதில் மட்டும், “அக்கா, உங்ககிட்ட தண்ணி இருக்கா?” என்று கேட்டாள். கூட்டம் தள்ளிக்கொண்டு போனதில் பதில் வரவில்லை.

கார்க் கண்ணாடியை இறக்கி இதைப் பார்த்த தருமனுக்குக் கண் கலங்கியது. “பாருங்கள், என் செவ்வந்தியை ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்,” என்றார். சைலஜா கண்ணாடியை ஏற்றினார். வெளிக்காற்று அனலாக அடித்தது.

வருண லிங்கத்தின் பக்கம் கவியா நின்றுவிட்டாள். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்ட முதல் ஆய்வாளர் அவளாகத்தான் இருக்கும்.

“சார், நான் முழுசா நடந்து முடிச்சுட்டா இன்னா சார் அர்த்தம்?”

சுரேஷ்குமார் யோசிக்கவே இல்லை. “இப்படி ஓர் உடல் இருக்க முடியாது என்ற உங்கள் முடிவு தவறு என்று அர்த்தம். ஆய்வேட்டை ஏற்க முடியாது.”

“நடக்க முடியாம இங்கயே உக்காந்துட்டா?”

“கள ஆய்வு முழுமை பெறவில்லை என்று அர்த்தம். அப்போதும் ஏற்க முடியாது.”

“அப்ப நான் இன்னாதான் சார் செய்யறது?”

“அதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வுச் சுதந்திரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை.”

கவியா ஆதிமூலத்தைப் பார்த்தாள். ஆதிமூலம் மலை உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அந்த இன்னொன்று வந்தது. சாலையோரத்தில் தற்காலிகக் கழிப்பறைகள், முன்னால் பெண்களின் நீண்ட வரிசை. அவள் விடுவிடுவென்று போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் எழுதிய ஆய்வேட்டில் உண்மையான பக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதிமூலம் பின்னாலேயே ஓடிவந்தார். “அம்மா, இந்த வரிசையில நின்னா தேர்வு முடிஞ்சுதுன்னு எழுத வேண்டியிருக்கும். அப்புறம் என்னைக் குறை சொல்லாத. மே மாசக் கடைசின்னு நீதானே சொன்ன?”

வரிசை நகரவில்லை. முன்னால் இருந்த பெண் திரும்பி, “மாசமா கீற, நீ முன்னாடி போம்மா,” என்று வழிவிட்டாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் விட்டாள். வரிசை முழுக்க விலகி வழி விட்டது. கதவு வரைக்கும் வழி திறந்து கிடந்தது.

கவியா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு வீட்டு வாடகையை, பஸ்ஸில் நின்ற ஐந்து வருஷத்தை, மகள் புரொபசர் ஆகப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கும் அப்பாவை நினைத்தாள். வரிசையிலிருந்து வெளியே வந்து ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள். வழிவிட்ட பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டுதல் கடுமையானது போலிருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஆதி அண்ணாமலை வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கிழக்கே நிலா எழுந்திருந்தது. கோயில் வளைவுக்குப் பக்கத்தில் கவியாவின் தொடை நனைந்து, புடவை நனைந்து, சாலையில் ஒழுகியது. அடக்க முடியாமல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அத்தனை பேருக்கு முன்னால், நெறியாளருக்கு முன்னால். வெட்கத்தில் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பில் வலி வெட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

காரிலிருந்து தருமன் மூட்டுவலியை மறந்து குதித்தார். “இருநூற்றுப் பதினாறாம் பக்கம்!” என்று கத்தினார். “இதே இடம்! இதே நிலா!” அவர் சாலையில் மண்டியிட்டு மலையைப் பார்த்துக் கைகூப்பினார். சுனை உடைகிறதா என்று பார்த்தாரோ என்னவோ. சைலஜா போனில் படம் எடுத்தார். சுரேஷ்குமார் குறிப்பு எழுதினார். ஆதிமூலம் விதிப் புத்தகத்தில் மகப்பேறு என்ற தலைப்பைத் தேடினார், இல்லை.

“காருல ஏத்துங்க, காருல ஏத்துங்க!” என்று ஜனங்கள் கத்தினார்கள். பாஸ் தேர்வாளர்களுக்கு மட்டும்தான் என்றார் சைலஜா. பந்தோபஸ்துக்கு நின்ற பெண் போலீஸ் ஒருத்தி கூட்டத்தை லத்தியால் விலக்கிக்கொண்டு வந்து கவியாவைப் பார்த்தாள். பிறகு சைலஜாவையும் காரையும் பார்த்து எழுத்தில் போட முடியாத ஒன்றைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதை ஒருவழிதான். ஆம்புலன்ஸ் என்றாலும் அந்தக் கூட்டத்தை எதிர்த்துத் திரும்பிப் போக முடியாது. மலையைச் சுற்றித்தான் ஊருக்குள் போயாக வேண்டும். ஆகவே வண்டி வாயு லிங்கத்தைக் கடந்தது, குபேர லிங்கத்தைக் கடந்தது. உள்ளே கவியா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முன் சீட்டில் சுரேஷ்குமார் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் இல்லாமல் ஆய்வாளர் தனியாகப் போனால் தேர்வு செல்லாது என்பது ஒரு காரணம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பது இன்னொன்று. ஈசானிய லிங்கத்தில் நின்றுகொண்டிருந்த சக்திவேல், ஃப்ளெக்ஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் அவனைத் தாண்டிப் போனது. சுரேஷ்குமார் ஜன்னல் வழியாக லிங்கத்தைக் கும்பிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அதற்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும், நானும் படுகிறேன்.

நான்காம் நாள் ஆதிமூலம் ஆஸ்பத்திரிக்கே வந்து தேர்வாளரின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். ஆய்வாளர் கிரிவலத்தை முழுமையாக நிறைவு செய்தார். நாவலில் சொல்லப்பட்ட இடத்திலேயே பனிக்குடம் உடைந்தது. வழியில் ஒருமுறைகூட நீர் அருந்தவில்லை, கழிப்பறைக்குச் செல்லவில்லை. எனவே இப்படி ஓர் உடல் இருக்க முடியும் என்பதை ஆய்வாளரின் உடலே ஐயமின்றி மெய்ப்பித்துள்ளது. கடைசி இயலின் அந்த நான்கு வரிகளை நீக்கி, தலைப்பை ‘அருணைத் தருமன் நாவல்களில் பெண்ணுடலின் மெய்ம்மை’ என்று மாற்றினால் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

“பாதி தூரம் ஆம்புலன்ஸ்ல சார் போனேன்,” என்றாள் கவியா.

“சுத்தினியா இல்லையாம்மா?”

“கேட்டேன் சார். பாத்ரூம் போகணும்னு உங்ககிட்டதான் சார் கேட்டேன்.”

“கேட்ட. ஆனா போகலையே.” அவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். “இருபது நாள்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்லு.”

சக்திவேல் அவரை அடிக்கப் போனான். கவியா வேண்டாம் என்று தலையசைத்தாள். தையல் வலியோடு ஒருக்களித்துப் படுத்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போனில் அந்த இயலைத் திறந்து, நான்கு வரிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஐந்து வருஷம் எழுதியதை அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது.

பட்டம் வந்தது. வேலைக்கான அறிவிப்பை ஜூன் மாதம் நிர்வாகக் காரணங்களால் ரத்து செய்தார்கள். கவியா மறுபடியும் அதே கல்லூரியில் அதே கௌரவத்தோடு சேர்ந்தாள். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அருணைத் தருமனின் புதிய நாவல் வந்தது. படித்த பெண் ஒருத்தி, ஒன்பதாம் மாதத்தில், ஒரு சத்தியத்துக்காக மலை சுற்றுகிறாள். வழியெல்லாம் ஜனங்கள் அவள் காலில் விழுகிறார்கள். முன்னுரையில் உண்மைச் சம்பவம் என்று போட்டிருந்தது. சைலஜா வெளியிட்டார், ஆதிமூலம் பெற்றுக்கொண்டார், அதே மாதம் அது பாடத்திட்டத்திலும் சேர்ந்தது. பாடம் எடுக்கும் பொறுப்பு, பொருத்தமாகவே, கவியாவுக்கு வந்தது.

அந்தப் பாடத்துக்கான மூன்றாவது வகுப்பு நேரத்தில் அவள் கிரிவலப் பகுதியை வாசித்தாள். நிலவு அவள் பாதத்தை முத்தமிட்டது. தார்ச்சாலை தாமரை இலைபோல் குளிர்ந்தது. அவள் வியர்வையில் வில்வம் மணத்தது. பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் பூஜா என்ற பெண் எழுந்து நின்றாள். சந்தேகம் கேட்கிற பெண் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான்.

“மிஸ், எங்க அக்கா மாசமா இருந்தப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி ஒன்னுக்குப் போவாங்க மிஸ். இவங்க அவ்ளோ தூரம் நடக்கறாங்களே, ஒருவாட்டிகூட வரலையா மிஸ்?”

வகுப்பு சிரித்தது. பூஜா சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கவியா புத்தகத்தைத் தாழ்த்தினாள். வருண லிங்கத்தின் பக்கம், கதவு வரைக்கும் திறந்துகிடந்த வழி அவளுக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தாள். வராந்தாவில் ஆதிமூலம் வருகைப் பதிவேட்டோடு போய்க்கொண்டிருந்தார். கௌரவ விரிவுரையாளர்களை அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்கிறார்கள்.

“அது தேர்வுக்கு வராதும்மா,” என்றாள் கவியா. “உட்காரு.”

பூஜா உட்கார்ந்தாள். கவியா அடுத்த பத்தியை வாசித்தாள். அதில் நிலா இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.